ஒரே வருடத்தில் இரண்டு கல்யாணம்

ஹாங்காங்
10 ஜனவரி 1993, ஞாயிறு

அன்புள்ள சியோன் அக்காவுக்கு,

நெனிதா எழுதுவது. நான் இங்கே சுகம். குளிர்தான் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. உன் இருமல் நின்றதா? பசிலிசா சித்தியின் முழங்கால் எப்படி? தனித்தனியாகப் பதில் வேண்டும். "எல்லாரும் நலம்" என்று ஒரே வரியில் மூட்டை கட்டிவிடாதே.

கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வரவில்லை என்று கோபமாகத்தான் இருப்பாய். டிசம்பர் முழுக்க எனக்குத் தலைக்கு மேல் வேலை. அதற்கு மேல் இப்போது கேட்காதே.

இனி செய்தி. டென்சியோவுக்குக் கப்பலில் ஜூலை மாதம் விடுமுறை கிடைக்கிறது. ஜூலை பத்தாம் தேதி, சனிக்கிழமை, எங்கள் கல்யாணம். நம் ஊரில், எரிமலை மிச்சம் வைத்த அந்தக் கூரையில்லாத பழைய கோயிலில். நீ அனுப்பிய அஞ்சலட்டையை எசமானி வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். பால் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பாசி பிடித்த சுவரைப் பார்ப்பேன். தினமும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறாயே, ஒரு நாள் என்னையும் கூட்டிப்போய் நிறுத்து.

உடைக்கான துணியைத் தெரிந்தவர் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஊரிலேயே தைக்கட்டும். கல்யாணப் பெண் தன் உடையைத் தானே போட்டுப் பார்த்தால் கல்யாணம் நின்றுபோகும் என்பது உனக்குத் தெரியாததல்ல. உன் அளவும் என் அளவும் ஒன்றுதானே, எனக்காக நீ போட்டுப் பார்.

தினோ அண்ணன் எப்படி இருக்கிறார்? இன்னமும் உன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டே உன் சுற்றுலாக்காரர்களைப் படகில் ஏற்றுகிறாரா?

முத்தங்களுடன்,
நெனிதா


மம்பஹாவ், கமிகின் தீவு
1 பிப்ரவரி 1993

தினோவுக்கு,

சேபுவில் சுகம்தானே? காற்றுக்காலம் முடியும்வரை அந்தப் படகுப் பட்டறைச் சாப்பாடுதான், வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே வடகாற்று ஓயவில்லை. மணல்திட்டுக்கு ஒரு படகும் போகவில்லை. உன் படகு கரையில் பத்திரமாகக் கிடக்கிறது, உன் தம்பி பார்த்துக்கொள்கிறான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மே எட்டாம் தேதி நம் கல்யாணம் நடக்காது.

பங்குச்சாமியார் தேதி கொடுத்த பிறகு நெனிதாவுக்கு எழுதலாம் என்றுதானே இருந்தோம்? தேதி கிடைத்த வாரமே அவள் கடிதம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அவளுக்கும் டென்சியோவுக்கும் ஜூலையில் கல்யாணமாம். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர் ஒரே வருடத்தில் கல்யாணம் செய்துகொண்டால், ஒருத்தியின் நல்லதை இன்னொருத்தி தின்றுவிடுவாள். நீ சிரிப்பாய். எங்கள் அம்மாவுக்குப் பிப்ரவரியில் கல்யாணம், பசிலிசா சித்திக்கு அதே வருடம் நவம்பரில். அடுத்த ஈஸ்டர் வருவதற்குள் சித்தப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. சித்தி இன்றுவரை கறுப்புத் துணியைக் கழற்றவில்லை. அவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் எப்படிச் சிரிப்பேன்? அம்மா போனபோது நெனிதா என் இடுப்பில் தொங்கிக்கொண்டு திரிந்தவள். அவள் வாழ்க்கையை வைத்துப் பரீட்சை செய்து பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

முதல் தடவை நீ கேட்டபோது அவள் படிப்பு முடியட்டும் என்றேன். இரண்டாம் தடவை அவள் ஹாங்காங்கில் காலூன்றட்டும் என்றேன். இப்போது இது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. வரும் ஜனவரி வரை பொறுத்துக்கொள். வருடம் பிறந்த முதல் சனிக்கிழமை, நிச்சயமாக.

அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் தன் கல்யாணத்தை நிறுத்திவிடுவாள். டென்சியோவுக்கு அடுத்த விடுமுறை எப்போது என்று அவன் கப்பலுக்கே தெரியாது. கோபம் வந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

சியோன்


மம்பஹாவ்
2 பிப்ரவரி 1993

அன்புத் தங்கை நெனிதாவுக்கு,

அக்கா எழுதுவது. என் இருமல் நின்றது. சித்தியின் இடது முழங்கால் மோசம், வலது பரவாயில்லை. தனித்தனியாகச் சொல்லிவிட்டேன், திருப்திதானே? நீ குளிரில் காலுறை இல்லாமல் அலையாதே.

உன் கடிதம் பார்த்து மிகவும் சந்தோஷம். அன்றைக்கே பங்குச்சாமியாரிடம் ஓடினேன்.

"அந்தப் பழைய கோயில்லயா? அங்க ஆடு மேயுது, சியோன்" என்றார்.

"ஆட்டை நான் பாத்துக்கறேன் சாமி."

"ஜூலை மாசம் மழை வந்தா?"

"நனைவோம் சாமி. யாரும் உப்பு இல்லையே, கரையறதுக்கு."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தன் குறிப்பேட்டில் எதையோ அடித்துவிட்டு எதையோ எழுதினார். ஆக, ஜூலை பத்து உன்னுடையது. முழுப் பன்றி சுட ஆள் சொல்லியாகிவிட்டது. மாகாண சுற்றுலா அலுவலகத்தில் அன்றைக்கு எனக்கு விடுப்பு. கோயிலைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் அன்று உன்னையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

தினோ சேபுவில் படகுப் பட்டறையில் இருக்கிறான். அவனுக்கென்ன.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


சேபு
20 பிப்ரவரி 1993

சியோனுக்கு,

நலம். நலம் அறிய ஆவல். இங்கே காற்று குறைந்துவிட்டது. கடல் அமைதி.

உன் கடிதம் கிடைத்தது. கோபம் இல்லை. ஜனவரி வந்தால் ஜனவரியிலும் ஏதாவது வரும். நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. உனக்கு முன்னால் எப்போதும் இன்னொருவர் நிற்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஊருக்கு வந்தால் தினமும் காலையில் நீ கூட்டத்தை ஓட்டிக்கொண்டு துறைக்கு வருவாய், "என்னய்யா, இன்னும் தூங்கறியா?" என்பாய், நான் படகை இழுப்பேன். இன்னும் ஒரு வருடம் அப்படிச் செய்ய என்னால் முடியாது. பலவானில் முத்துப் பண்ணைக்குப் படகோட்ட ஆள் கேட்கிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். இங்கிருந்தே போகிறேன். படகைத் தம்பி வைத்துக்கொள்ளட்டும்.

நெனிதாவிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தினோ


மம்பஹாவ்
14 மார்ச் 1993

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். துணி பத்திரமாக வந்து சேர்ந்தது. கைக்கு வழுக்கும் துணி. தையற்காரி முதலில் அதைத் தொடவே பயந்தாள், இப்போது என்னைத் தவிர யாரையும் தொட விடுவதில்லை.

நேற்று முதல் முறை போட்டுப் பார்த்தேன். இடுப்பில் கொஞ்சம் பிடிக்கிறது. அது நான் தின்ற சோறு, உனக்குச் சரியாக இருக்கும். சித்தியும் வந்திருந்தாள். குறை சொல்லத்தான் வந்தாள். ஆனால் என்னைப் பார்த்ததும் பாவாடை நுனியால் நாற்காலியைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள். தையற்காரி, "அக்கா, கொஞ்சம் நடந்து காட்டுங்க, வால் எப்படி இழுக்குதுன்னு பாக்கணும்" என்றாள். நடந்தேன். அறை சின்னது, சுவர் வந்துவிட்டது.

சுற்றுலா சூடு பிடித்துவிட்டது. குளிர்சுனையில் குதித்து, "ஐயோ குளிருதே" என்று கத்துகிறார்கள். வெந்நீர் ஊற்றில் இறங்கி, "ஐயோ சுடுதே" என்று கத்துகிறார்கள். பலகையில் பேரே அதுதானே எழுதியிருக்கிறது? இதற்கு மாகாணம் எனக்குச் சம்பளம் வேறு தருகிறது.

அக்கா


ஹாங்காங்
4 ஏப்ரல் 1993, குருத்து ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா? இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

பூசை முடிந்து தோழிகளோடு மைதானத்தில் அட்டை விரித்து உட்கார்ந்து உன் பழைய கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் தினோ அண்ணனுக்கு ஒரு திட்டாவது இருக்கிறது. சோம்பேறி, செவிடன், மீசையில் சோறு ஒட்டிக்கொண்டிருக்கிறது, படகுக்குப் பச்சைச் சாயம் அடித்துத் தவளை மாதிரி ஆக்கிவிட்டான். பிப்ரவரியில் "அவனுக்கென்ன" என்று முடித்துவிட்டாய். மார்ச்சில் அவர் பெயரே இல்லை.

அக்கா, என்ன நடந்தது?

நெனிதா


மம்பஹாவ்
20 ஏப்ரல் 1993

அன்புத் தங்கைக்கு,

நலம். ஈஸ்டர் நல்லபடியாக முடிந்தது. பெரிய வெள்ளிக்கிழமைக்கு நேர்த்திக்கடனாகத் தீவைச் சுற்றி நடக்க வந்த கூட்டத்தில் சித்தியும் கொஞ்ச தூரம் நடந்தாள், மோசமான முழங்காலோடு. சொன்னால் கேட்கிற ஜென்மமா?

தினோ பலவானுக்கு முத்துப் பண்ணை வேலைக்குப் போயிருக்கிறான். நல்ல வேலை. ஊரில் இல்லாத ஆளைப் பற்றி என்ன எழுதுவது? நீ இல்லாததை எல்லாம் கற்பனை செய்யாதே.

போன வாரம் மணிலாவிலிருந்து ஒரு பேருந்துக் கூட்டம். அவர்களைக் கடலுக்குள் மூழ்கிய கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். கரையில் நின்று பெரிய சிலுவையைக் காட்டி, எரிமலை வெடித்து பழைய ஊரே கடலுக்குள் இறங்கிய கதையை எப்போதும்போல் சொன்னேன். ஒரு அம்மாள் கேட்டாள், "இவ்ளோ பேரு கீழ கிடக்காங்களே, தினமும் இங்க வந்து நிக்க உங்களுக்கு பயமா இல்லையா?"

"செத்தவங்க எங்கயும் போக மாட்டாங்கம்மா. உசிரோட இருக்கறவங்கதான் சொல்லாம கொள்ளாம போயிடறாங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

அது என் வழக்கமான பேச்சில் இல்லாத வரி. பிறகு அந்த அம்மாள் தன் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள், நானும் வாங்கித் தின்றேன்.

உன் உடைக்குக் கைப்பகுதி தைத்தாகிவிட்டது. இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

அக்கா


ஹாங்காங்
2 மே 1993

மதிப்பிற்குரிய தினோ அண்ணனுக்கு,

நெனிதா வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நலம் என்று நம்புகிறேன். விலாசம் தெரியாததால் உங்கள் தம்பி வழியாக அனுப்புகிறேன்.

அக்கா எனக்கு எழுதுகிறாள், சிரிக்கவும் வைக்கிறாள். ஆனால் உங்களைத் திட்டி எழுதி மாதக்கணக்காகிறது. என் வாழ்நாளில் இப்படி நடந்ததில்லை. நீங்கள் அவளை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. அப்படியானால் அவள்தான் உங்களைப் போகவைத்திருக்க வேண்டும். எதற்காக? என்னாலா? மறைக்காமல் எழுதுங்கள். உங்களை அண்ணன் என்று கூப்பிடுகிற உரிமையில் கேட்கிறேன்.

நெனிதா


பலவான்
23 மே 1993

நெனிதாவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல். இங்கே இரவில் மழை, பகலில் வெயில்.

சியோன் உன்னிடம் சொல்லாதே என்றாள். நீ கேட்டால் பொய் சொல் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மே எட்டாம் தேதி எங்களுக்குக் கல்யாணம் என்று பங்குச்சாமியார் தேதி கொடுத்திருந்தார். உனக்கு ஜூலை என்று தெரிந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். ஒரே வருடத்தில் அக்காவும் தங்கையும் கூடாதாம். உங்கள் சித்தப்பா கதை உனக்கே தெரியும். ஜனவரி வரை பொறு என்றாள். எனக்குப் பொறுக்கத் தெம்பு இல்லை, வந்துவிட்டேன்.

நீ உன் கல்யாணத்தை நிறுத்தாதே. நிறுத்தினால் அவள் என்னை மன்னிக்க மாட்டாள். மே எட்டாம் தேதி நான் வேலைக்குப் போகவில்லை. மற்றபடி எல்லாம் நலம்.

தினோ


ஹாங்காங்
6 ஜூன் 1993, ஞாயிறு

என் அக்காவுக்கு,

நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். தினோ அண்ணன் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே. இல்லை, திட்டு, அதுவே நல்லது.

நான் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். போன டிசம்பரில் டென்சியோவின் கப்பல் பழுது பார்க்க இங்கே வந்து நின்றது. மறுபடி எப்போது பார்ப்போம் என்று தெரியாது. பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டோம். என் தோழிகள் இரண்டு பேர் சாட்சி. வெளியே வந்து நின்று நூடுல்ஸ் சாப்பிட்டோம். அன்றைக்கு ராத்திரி உன்னை நினைத்து அழுதேன். அம்மா இடத்தில் இருந்து வளர்த்தவள் பக்கத்தில் இல்லாமல் செய்துகொண்டது எனக்கே பாதிக் கல்யாணமாகத்தான் இருந்தது. அதனால்தான் கிறிஸ்துமஸுக்கு எழுதக் கை வரவில்லை. கோயிலில் உன் முன்னால் மறுபடி செய்துகொண்டால் இதை உனக்குச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அக்கா, நான் போன வருடத்துக் கல்யாணப் பெண். நீ எனக்காக ஒதுக்கிக் கொடுத்த இந்த வருடம் எனக்குத் தேவையே இல்லை. இது உன்னுடையது.

ஜூலை பத்து அப்படியே இருக்கட்டும். சாமியார், பன்றி, கோயில், ஆடு, எல்லாம் உனக்கு. எங்கள் கோயில் கல்யாணத்தை அடுத்த வருடம் வைத்துக்கொள்கிறோம், யாரும் எதுவும் சொல்ல முடியாது. டென்சியோவும் நானும் வந்து, பூசையில் மணமக்களை இணைக்கும் முக்காட்டை உங்கள் தோள்களில் விரிப்போம். உடையும் உனக்குத்தான். நீ போட்டுப் பார்த்துவிட்டாய், அபசகுனம் என்று தையற்காரி கத்துவாள். நீ போட்டுப் பார்த்தபோது அது என் உடை என்று அவளிடம் சொல். இப்போதுதான் அது உன்னுடையதாகிறது. இனி பத்தாம் தேதி வரை தொடாதே.

தினோ அண்ணனுக்கு நான் இதை எழுதவில்லை. அது நீ எழுத வேண்டிய கடிதம்.

உன் நெனிதா


மம்பஹாவ்
17 ஜூன் 1993

தினோவுக்கு,

நலமா? எனக்கு நலம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். நலம் இல்லை. நீ போன பிறகு ஒரு நாளும் இல்லை.

நெனிதா போன டிசம்பரிலேயே ஹாங்காங்கில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள். படித்துவிட்டு முதலில் அழுதேன், பிறகு கழுதை என்று திட்டினேன், பிறகு கடிதத்தோடு சித்தியிடம் போனேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து எந்த வருஷம் போட்டா?"

"போன வருஷம் சித்தி."

"அப்ப அவ கணக்கு போன வருஷத்தோட முடிஞ்சுது. இது உன்னோடது."

"நீங்க நெசமாவே இதையெல்லாம் நம்பறீங்களா சித்தி?"

துருவுவதை நிறுத்தவில்லை. "உங்க சித்தப்பா போனது உங்கம்மா கல்யாணத்தால இல்லடி. காத்து சரியில்ல, படகை எடுக்காதய்யான்னு சொன்னேன். கேக்கல. அப்படி நெனச்சா அந்த மனுஷன் மேல கோவம் வருது. பழிய வருஷத்து மேல போட்டுட்டா கோவம் வரல. அவ்ளோதான்."

இத்தனை வருடம் அவளோடு ஒரே பானையில் சாப்பிட்டிருக்கிறேன் தினோ, இது எனக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் தேங்காயை நான் துருவினேன்.

ஜூலை பத்தாம் தேதி, சனிக்கிழமை, பழைய கோயிலில் நமக்குத் தேதி இருக்கிறது. நெனிதா விட்டுக்கொடுத்தாள் என்பதற்காக வராதே. சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது என்பதற்காகவும் வராதே. மூன்று தடவை நீ என்னைக் கேட்டாய். நான் உன்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். எனக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை, நான்தான் நிற்கிறேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா?

முடியாது என்றால் அதையும் எழுது. ஒப்பந்தம் இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம் இருக்கிறேன். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியட்டும்.

சியோன்


பலவான்
30 ஜூன் 1993

சியோன்,

உன் கடிதம் நேற்று வந்தது. துறையில் நின்றே படித்தேன். கூட வேலை செய்யும் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வீட்ல ஏதாச்சும் துக்கமா?" என்றார். "இல்லண்ணே, கல்யாணம்" என்றேன். "யாருக்கு?" என்றார். உன் கடிதத்தைத் தூக்கிக் காட்டினேன். அவராகப் புரிந்துகொண்டு என் பையைக் கட்ட வந்துவிட்டார்.

ஒப்பந்தத்தை முறித்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். சரி என்றேன்.

உன் உடம்பு எப்படி, சித்தி எப்படி, கடல் எப்படி என்று இதில் ஒன்றும் கேட்கவில்லை. நாளைக் காலைக் கப்பலில் ஏறுகிறேன். சேபுவில் மாறி, அடுத்த புதன்கிழமைக்குள் மம்பஹாவ். இதைத் துறையிலேயே அஞ்சலில் போடுகிறேன். இது முன்னால் வருமா, நான் முன்னால் வருவேனா தெரியாது. இது முந்தினால், படித்துவிட்டுத் துறைக்கு வா. நான் முந்தினால், வந்ததும் நீயே எனக்குப் படித்துக் காட்டு.

தினோ